பத்து நிமிஷ இட்லி

ஆகஸ்ட் 18, திங்கள்

காலையில் மூன்று இட்லி. ஆறு நிமிடம். சௌந்தரி அடுப்படியிலிருந்து சட்னியோடு வருவதற்குள் தட்டு காலி. "இத நான் என்ன பண்றது, மூஞ்சில பூசிக்கவா?" என்று கேட்டாள்.

இருபதாவது நிமிடம் வழக்கம்போல ஆரம்பித்துவிட்டது. நெஞ்சு படபடப்பு, வேர்வை, தலைசுற்றல், வயிறு கல்லாகிவிட்டது. கட்டிலில் சாய்ந்தேன். மின்விசிறி ஐந்தில் ஓடியும் பனியன் நனைந்தது.

ஜூன் மாதம் ஆபரேஷன். பழைய அல்சர் தழும்பாகி வயிற்றின் வாசலையே அடைத்துவிட்டதாம். பாதி வயிற்றை எடுத்துவிட்டு மிச்சத்தைக் குடலோடு நேராகத் தைத்துவிட்டார்கள். புற்று இல்லை, ஸ்தோத்திரம். ஆனால் சாப்பாட்டைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. எழுபத்தொரு கிலோ இருந்தவன் ஐம்பத்தெட்டில் நிற்கிறேன்.

முப்பத்தொரு வருடம் மறைமலை நகரில் பிரேக் ஹோஸ் சோதித்த குவாலிட்டி இன்ஸ்பெக்டர் நான். குழாயில் அடைப்பு இருந்தால் கையில் எடுத்ததும் சொல்லுவேன். எனக்குள்ளே மறுபடி அடைத்துக்கொண்டிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடியும் கத்தி எடுப்பார்கள்.

ஆகஸ்ட் 20, புதன்

57.6. எடை மெஷின் பொய் சொல்கிறது என்றேன். சௌந்தரி ஏறிப் பார்த்தாள். "எனக்கு மட்டும் கரெக்டா சொல்லுதே" என்று இறங்கிவிட்டாள்.

ஆகஸ்ட் 23, சனி

டாக்டர் ஸ்ரீநிவாசனிடம் போனோம். என்னை அறுத்தவர் அவர்தான். போன வாரம் எண்டோஸ்கோபி பார்த்ததில் வழி திறந்துதான் இருக்கிறது என்றார். எனக்கு நம்பிக்கையில்லை. முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார் மனுஷன்.

"ரோடு இருக்குன்னா பஸ் ஓடுதுன்னு அர்த்தமில்ல சார். வயிறு மெதுவா காலியாகுதோ, வேகமா காலியாகுதோ. ரெண்டுலயும் ஏறக்குறைய ஒரே தொந்தரவுதான் வரும். அளந்து பாத்தாதான் தெரியும்."

அளப்பதற்கு ஒரு ஸ்கேன். துளியூண்டு கதிரியக்க மருந்து கலந்த இட்லியைத் தின்ன வேண்டும். வெளியே இருக்கும் கேமரா அந்த இட்லி எங்கே போகிறது, எவ்வளவு நேரத்தில் போகிறது என்று நாலு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருக்கும். எக்ஸ்ரே நம்மைப் படம் பிடிக்கும். இது இட்லியைப் படம் பிடிக்கும். அளவுகோல் வைத்து அளக்கிற பரிசோதனை என்றதும் எனக்கு டாக்டர் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

"மெதுவாதான் இறங்குதுன்னு வந்தா?" என்று கேட்டேன்.

"முதல்ல மருந்து. அதுக்கும் கேக்கலேன்னா, இன்னொரு ஆபரேஷன் யோசிக்கணும்."

சௌந்தரி கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். கேம்ப் ரோடு வழியாக ஆட்டோவில் திரும்பினோம். சிக்னலில் நின்றபோது, "அண்ணன்கிட்ட ஜெபிக்கச் சொல்லணும்" என்றாள்.

அண்ணன் என்றால் எலியேசர் மச்சான். ரயில்வேயில் ரிட்டையர் ஆகி இப்போது சபையின் செயலாளர். நல்ல மனிதர். ஆனால் அவர் ஜெபத்தை ஆரம்பிக்கும்போது ஊற்றிய பாயசம் ஆமென் வருவதற்குள் ஆடை கட்டிவிடும். எங்கள் கல்யாண விருந்தில் அவர் ஜெபித்தபோது நான் நடுவில் கண்ணைத் திறந்து ஒரு அப்பளத்தைக் கடித்துவிட்டேன். அந்தச் சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது. அதிலிருந்து இன்றுவரை அவர் ஜெபத்தில் நான் குறுக்கிட்டதில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. பக்கத்து வீட்டு காமு மாமி பூரணக் கொழுக்கட்டை கொடுத்தார். வாசலிலேயே நாலு. இரண்டு நிமிடம். மாமி ஏதோ செம்பாக்கம் ஏரியில் தண்ணீர் ஏறியிருப்பதைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் எனக்குக் கண் இருட்டி, அவர் வீட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ஐயையோ, எங்க பிள்ளையார் மேல பழி வந்துடப் போறது!" என்று மாமி பதறினார்.

பிள்ளையார் மேல் தப்பில்லை, அடைப்பு மாமி என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் சௌந்தரி நின்றாள். முழுங்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். கோபத்தில் எழுதினால் அநியாயமாகிவிடும்.

குரோம்பேட்டையில் அந்த ஸ்கேன் சென்டர். நேற்று ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இல்லை. சௌந்தரிக்குப் பள்ளிக்கூடத்தில் லீவு கிடைக்காததால் துணைக்கு மச்சான் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் வேதாகமம். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

டெக்னிஷியன் ஸ்நேகா என்று ஒரு பெண். தட்டில் இரண்டு இட்லியோடு வந்தாள். சட்னி இல்லை, பொடி இல்லை. ஆயா கங்கையம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், சட்னி இல்லியான்னு பாக்கிறியா? அல்லாரும் இத்தான் கேக்குறாங்க. துன்னு, துன்னு" என்றார்.

ஸ்நேகா தெளிவாகச் சொன்னாள். "முதல் வாய் வெச்சதுலேருந்து பத்து நிமிஷத்துல ரெண்டும் முடிஞ்சிருக்கணும் சார். லேட்டானா கணக்கு தப்பாயிடும். முடிச்சதும் கூப்பிடுங்க, முதல் படம் எடுக்கணும்." கடிகாரத்தில் நேரம் குறித்துக்கொண்டு கண்ணாடிக் கதவுக்கு வெளியே போனாள்.

பத்து நிமிடமா! எனக்கு நாலு போதும். பாதி இட்லியைப் பிட்டு வாயில் போட்டேன்.

"மாப்ள!" மச்சான் என் மணிக்கட்டைப் பிடித்தார். "ஜெபிக்காம வாய்ல வெச்சிட்டீங்களே!"

வாயில் பாதி இட்லி. மென்றால் மரியாதையில்லை, துப்பினால் பரிசோதனை இல்லை. கண்ணை மூடிக்கொண்டேன். சுருக்கமாக முடிப்பார் என்று நம்பினேன். இடம் ஆஸ்பத்திரி அல்லவா.

"எங்கள் பரம தகப்பனே..."

முதலில் இட்லிக்காக ஸ்தோத்திரம். அரிசிக்காக, உளுந்துக்காக, மழைக்காக. பிறகு இந்தக் கேமராவைக் கண்டுபிடித்த விஞ்ஞானிகளுக்காகவும் அவர்கள் குடும்பங்களுக்காகவும். டாக்டருடைய கைகளுக்காக. ஸ்நேகாவின் பேரைக் கேட்டு வைத்திருக்கிறார், அவளுக்கு நல்ல இடத்தில் வரன் அமைய. அணுவுக்குள் அணுவாக இருக்கிறவரே என்று ஒரு இடத்தில் வந்தது. இட்லி என் வாயில் கரைந்து தானாக இறங்கிவிட்டது. நான் கையைக் கொஞ்சம் உருவிப் பார்த்தேன். மச்சான் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஒரு கண்ணை மட்டும் திறந்தேன். கதவருகில் ஸ்நேகா வந்து நிற்கிறாள். கடிகாரத்தைப் பார்க்கிறாள், எங்களைப் பார்க்கிறாள். குறுக்கிட வாயைத் திறந்தவள், என்ன நினைத்தாளோ, கைகட்டித் தலைகுனிந்துகொண்டாள். பக்கத்தில் கங்கையம்மாளும் துடைப்பத்தை மார்போடு அணைத்துக்கொண்டு கண்மூடி நிற்கிறார்.

கடைசியில் மச்சானுக்குக் குரல் உடைந்தது. "ஆண்டவரே, இன்னொரு கத்தி வேண்டாம்ப்பா. என் தங்கச்சி தாங்கமாட்டா." அதோடு ஆமென்.

பதினாலு நிமிடம். தட்டில் ஒன்றரை இட்லி.

"ஸாரி சார்" என்றாள் ஸ்நேகா. "இன்னிக்கு எடுத்தா ரிசல்ட்ட நம்ப முடியாது. வேற நாள் வாங்க." அவளுக்கே அழுகை வந்துவிடும்போல இருந்தது.

ஆட்டோவில் நான் சொன்னேன்: "மச்சான், உங்க ஜெபத்தால ஒரு ஸ்கேன் போச்சு." அவர் தாம்பரத்தில் இறங்கி, பாலத்தின் மேல் தனியாக நடந்து போனார்.

ஆகஸ்ட் 30, சனி

சௌந்தரி தட்டை டக்கென்று வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. பாதி வயித்தோட, பட்டினியோட, வாய்ல இட்லிய வெச்சுக்கிட்டு பதினாலு நிமிஷம் நின்னவன் நானு. என்மேல கோவமாம்! நான் என்ன தப்பா கேட்டேன்?

காமு மாமிக்கு விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது. "அணு இட்லி சாப்ட்டேளாமே?" என்று கேட்டார். மாலையில் பார்த்தேன். நம் காம்பவுண்டு சுவர் ஓரமாக இருந்த துளசித் தொட்டி அந்தப் பக்கச் சுவருக்குப் போய்விட்டது.

செப்டம்பர் 3, புதன்

அடுத்த தேதி ஒன்பதாம் தேதி. மச்சான் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரவில்லை. ஆலயத்தில் என்னைப் பார்த்ததும் காணிக்கைப் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சௌந்தரி இன்று ஒன்று சொன்னாள். ஜூனில் என் ஆபரேஷன் நடந்த ஐந்து மணி நேரமும் அவர் தியேட்டர் வாசலில் உட்காரவே இல்லையாம். நின்றுகொண்டே இருந்தாராம். முழங்கால் வலிக்காரர். எனக்கு யாரும் சொல்லவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

சபையில் மச்சான் ஜெபம் ஒரே நிமிடத்தில் முடிந்தது. ஜனங்கள் கண்ணைத் திறந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெளியே வரும்போது இரண்டு பேர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள். எனக்குச் சந்தோஷமாக இல்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

சௌந்தரி லீவு போட்டுக்கொண்டு வந்தாள். காரிடாரில் உட்கார்ந்து கணக்கு நோட்டு திருத்தினாள். அதே தட்டு, அதே இரண்டு இட்லி. மனதுக்குள் ஒரு வரி ஜெபித்துவிட்டு ஆரம்பித்தேன்.

"முடிஞ்சுது" என்று குரல் கொடுத்தபோது ஸ்நேகா அப்போதுதான் வெளியே பதிவேட்டைத் திறந்திருந்தாள்.

"முடிஞ்சுதா? சார், பத்து நிமிஷம் டைம் இருக்கே!"

"எங்க கேன்டீன்ல பழக்கம்மா. பெல் அடிச்சு இருபது நிமிஷம். போக ஆறு, வர ஆறு, கை கழுவ ஒண்ணு." பெருமையாகத்தான் சொன்னேன். அவள் ஏதோ எழுதிக்கொண்டாள்.

கேமரா முன்னால் நின்றேன். வலியில்லை, சத்தமில்லை. திரையில் ஒரு மங்கலான புள்ளிக்கூட்டம். அதுதான் என் இட்லி. அரை மணிக்கு ஒருமுறை எடுக்க வேண்டியது. இருபதாவது நிமிடம் ஆரம்பித்துவிட்டது. படபடப்பு, வேர்வை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அரை மணிப் படத்தை எப்படியோ நின்று முடித்தேன். சரி, அடைத்துக்கொண்டது, இன்னொரு கத்திதான் என்று நினைத்துக்கொண்டேன். சௌந்தரியைப் பார்க்கக்கூடாது என்று சுவரைப் பார்த்தேன். பயந்துவிட்டேன் என்று இங்கேயாவது எழுதிவிடுகிறேன். ரொம்பப் பயந்துவிட்டேன்.

கங்கையம்மாள் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். விசிறிக்கொண்டே சொன்னார்: "வெளில வேப்பமரத்தாண்ட, அன்னிக்கு வந்தாரே, அவராட்டம் ஒரு பெருசு கண்ண மூடிக்கினு நிக்குது. காத்தால ஏழு மணிலேந்து நிக்குது. உங்காளா?"

ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை.

"டீ குட்த்தேன். கண்ணத் தொறக்கல. ஆறிப்போச்சு."

நாலு மணி நேரப் படமும் முடிந்து நாங்கள் வெளியே வந்தபோது மரத்தடியில் யாருமில்லை. டீ டம்ளர் மட்டும் இருந்தது.

செப்டம்பர் 10, புதன்

ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை. மச்சானுக்கு இரண்டு தடவை நம்பர் போட்டுவிட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

டாக்டர் தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அரை மணியில் வயிற்றில் மிச்சம் நாற்பத்தொரு சதவீதம். ஒரு மணியில் பத்தொன்பது. இரண்டு மணியில் நாலு.

நான் அளவுகளைப் பார்த்ததும் துள்ளினேன். "டாக்டர், அடைப்பே இல்லியே! ஃபர்ஸ்ட் கிளாஸ் பாஸ்!"

"அடைப்பு இல்ல. இன்னொரு ஆபரேஷனும் இல்ல. ஆனா பாஸும் இல்ல சார். ஒரு மணி நேரத்துல முப்பது சதவீதத்துக்கு மேல மிச்சம் இருக்கணும். உங்களுக்கு அதுக்குள்ள கடை காலி."

விளக்கினார். வயிற்றின் வாசலில் ஒரு காவல்காரன் உண்டாம். சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே விடுவானாம். அந்த வாசல்தான் கெட்டுப்போயிருந்தது, அதைத்தான் எடுத்தார்கள். இப்போது போடுவதெல்லாம் மொத்தமாகக் குடலில் போய் விழுகிறது. இனிப்பாக இருந்துவிட்டால் இன்னும் மோசம். குடல் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், அதுதான் படபடப்பும் வேர்வையும்.

பிறகு தாளின் அடியில் கையால் எழுதியிருந்த ஒரு குறிப்பைப் படித்தார். "உணவு முடிக்க எடுத்த நேரம், மூணு நிமிஷம் நாற்பது செகண்ட்." கண்ணாடியைக் கழற்றினார். "காவல்காரரும் இல்ல, நீங்களும் இந்த வேகத்துல போட்டா வயிறு பாவம் என்ன சார் பண்ணும்?"

சௌந்தரி சிரித்தாள். ஜூனுக்குப் பிறகு முதல் தடவை. சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். டாக்டர் எழுந்து போய் ஜன்னல் வழியாகக் கார் பார்க்கிங்கைப் பார்த்தார்.

மருந்து இவ்வளவுதான்: ஒரு நாளைக்கு ஆறு தடவை, கொஞ்சம் கொஞ்சமாக. ஒவ்வொன்றும் அரை மணி நேரம் மென்று. சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. இனிப்பு கூடாது. தெம்புக்கு என்று மூன்று வேளையும் நான் குடித்துக்கொண்டிருந்த சர்க்கரை போட்ட மால்ட்டும் கூடாது. சபையார் நலம் விசாரிக்க வந்தபோது கொடுத்த டப்பாக்கள் அலமாரியில் இன்னும் பதினொன்று இருக்கின்றன.

முப்பத்தொரு வருடம் குழாய் பார்த்தவன். அடைப்பு என்று அடித்துச் சொன்னேன். ரிஜெக்ட் ஆனது நான்தான்.

செப்டம்பர் 15, திங்கள்

அரை மணி நேரத்தில் ஒன்றரை இட்லி. இதைவிட ஆபரேஷன் சுலபம். சௌந்தரி சாப்பாட்டு மேசைக்கு எதிரே எழுதி ஒட்டிவிட்டாள்: நொறுங்கத் தின்றால் நூறு வயது. வாய்க்கு முப்பது மெல்லல். பதினேழுக்குள் முழுங்கிவிடுகிறேன். டீச்சர் பென்சிலோடு எதிரில் உட்கார்ந்து எண்ணுகிறாள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

பத்தொன்பது.

செப்டம்பர் 21, ஞாயிறு

மச்சான் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றுகொண்டே, "அடைப்பு இல்லியாம். கத்தியும் இல்லியாம்" என்றேன். "தெரியும் மாப்ள, சௌந்தரி சொன்னா" என்றார். இரண்டு பேரும் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மன்னிப்பு கேட்கத்தான் போனேன். என் வாயில் வந்தது, "மதியம் சாப்பிட வாங்க."

வந்தார். ஜெபம் அரை நிமிடம். எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. ஆனால் சாப்பிடும்போது, பெரம்பூருக்குப் போக வேண்டிய வேகன் ஒன்று தவறிப்போய் விஜயவாடாவுக்குப் போன கதையை ஆரம்பித்தார். கேள்வி கேட்க வேண்டியிருந்தது. கேட்பதற்குக் கையைக் கீழே வைக்க வேண்டியிருந்தது. வேகன் திரும்பி வந்தபோது கடிகாரத்தைப் பார்த்தேன். இருபத்தெட்டு நிமிடம்! தட்டில் இன்னும் சோறு இருந்தது.

மெல்லுவதை எண்ணினால் நடக்காது, பேசினால் நடக்கிறது.

அக்டோபர் 5, ஞாயிறு

இப்போதெல்லாம் சௌந்தரி எதிரில் உட்கார்ந்து என்னோடு சாப்பிடுகிறாள். அவள் கறிவேப்பிலையை ஒதுக்கமாட்டாள், மென்று தின்பாள் என்று இன்றுதான் பார்த்தேன். கல்யாணமாகி இருபத்தொன்பது வருடம். பார்க்க எங்கே நேரம், ஆறு நிமிடத்தில் எழுந்துவிடுவேனே.

"இத்தன நாளா நீ எப்ப சாப்பிட்ட?" என்று கேட்டேன்.

"ஜூன்லேருந்து அடுப்படியில நின்னுக்கிட்டேதான். நீங்க பாத்தா ஆசைப்படுவீங்க, ஆசைப்பட்டு சாப்ட்டா தவிப்பீங்க."

  அவள் தட்டில் இன்னொரு துண்டு மீன் எடுத்து வைத்தேன்.

அக்டோபர் 18, சனி

59.4. காமு மாமி தீபாவளிப் பட்சணத்தோடு வந்தார். "இவருக்கு இனிப்பு கூடாது, தெரியும். முறுக்கு மட்டும் குடுத்துட்டுப் போறேன். ஒரே ஒண்ணு, மெதுவா!" என்றார். துளசித் தொட்டி பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

நவம்பர் 2, ஞாயிறு

சபையில் அறுப்பின் பண்டிகை. காணிக்கையாக வரும் பொருளையெல்லாம் ஏலம் விடுவார்கள். பதினோரு மால்ட் டப்பாவையும் ஏலத்துக்குக் காணிக்கையாகக் கொடுத்தேன். லாசரஸ் வாத்தியார் போட்டி போட்டு ஒன்றை எடுத்துவிட்டு, டப்பாவின் அடியில் அவரே எழுதி எனக்குக் கொடுத்த "சீக்கிரம் குணமடைய" என்ற வரியைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

பிறகு அசனம், சபையாருக்கெல்லாம் விருந்து. பந்திக்கு முந்து என்று சும்மாவா சொன்னார்கள், எப்போதும் முதல் பந்தியில் முதல் ஆளாக எழுந்து கை கழுவுகிறவன் நான். இன்றும் முதல் பந்திதான். கொஞ்சம் சோறு, இரண்டு துண்டு கறி. மச்சான் மைக்கில் ஒரே வரியில் ஜெபித்தார். ஜனம் ஆனந்தமாகச் சாப்பிட ஆரம்பித்தது.

நான் கை வைக்கவில்லை. சௌந்தரி, "என்னாச்சு?" என்றாள். மச்சான் பதறி ஓடி வந்தார். "மாப்ள, படபடப்பா?"

"இல்ல மச்சான். உக்காருங்க. எனக்குத் தனியா ஒரு ஜெபம் பண்ணுங்க. பழையபடி."

என்னையே பார்த்தார். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். "எங்கள் பரம தகப்பனே..." அரிசி வந்தது, மழை வந்தது, ஸ்நேகாவுக்கு வரன் வந்தது, கங்கையம்மாள்கூட வந்தார். கறிக்குழம்பு ஆறி மேலே நெய் கட்டியது. இந்தத் தடவை நான் கண்ணைத் திறக்கவில்லை.

ஆமென் ஆனபிறகுதான் சாப்பிட்டேன். மச்சான் இரண்டாவது வேகன் கதையை ஆரம்பித்தார். சௌந்தரி கறிவேப்பிலையை மென்றுகொண்டே அதில் இருந்த தப்புகளைத் திருத்தினாள். மேசைப் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு வந்த பந்திப் பையன் வில்பிரட் எங்களிடம் வந்ததும் நின்றான். "அங்கிள், அடுத்த பந்தி காத்துக்கிட்டிருக்கு..." மச்சான் செயலாளர் குரலில் சொன்னார்: "இந்த மூணு இலைய விட்டுட்டு மீதிய எடுப்பா."

பந்தியில் கடைசியாக எழுந்தது நான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் நினைவு வந்தது. இருபதாவது நிமிடம் எப்போது போனது என்று இன்று நான் பார்க்கவே இல்லை.